எண்ணெய்ப் பிசுக்கும் வெள்ளாவியும்

சாரல் தொடங்கிவிட்டால் நம் குடியிருப்பில் இரண்டு கூடிவிடும். ஒன்று விருந்தாளிகள், இன்னொன்று மொட்டை மாடிக் கொடியில் தொங்கும் துண்டுகள். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போகிறார்கள். திரும்பும் வழியில் பிரானூர் பக்கம் புரோட்டாவும் கோழியும் சாப்பிடுகிறார்கள். இரவு வீட்டுக்கு வரும்போது வேட்டி, சட்டை, துண்டு எல்லாவற்றிலும் எண்ணெய் ஏறியிருக்கும். மறுநாள் காலையில் நம் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் அந்தக் கேள்வி வரும்: எண்ணெய்க் கறைக்கு என்ன போடலாம்? ஒருவர் எலுமிச்சம்பழம் என்பார், ஒருவர் பல் பேஸ்ட் என்பார், மூன்றாமவர் பெட்ரோல் என்று பயமுறுத்துவார்.

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுக்குக் குறையாது. இதற்குப் பதில் தெரிந்தவர்கள் நம் பகுதியில் எப்போதும் இருந்தார்கள். அவர்களை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு நேராகாது.

பி.காம். படித்தவன் வேதியியல் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள், விஷயம் எளிதுதான். எண்ணெய் தண்ணீரோடு சேராது. ஆகவே வெறும் தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் அது நூலை விட்டு நகராது. அதை எடுக்க மூன்றே வழிகள். மாவையோ மண்ணையோ தூவி உறிஞ்ச வைக்கலாம். காரத்தாலோ சோப்பாலோ பிடித்துத் தண்ணீரோடு போகச் செய்யலாம். இல்லையென்றால் எண்ணெயைக் கரைக்கும் வேறொரு திரவத்தில் கரைக்கலாம். சங்க காலம் முதல் இன்றைய பாத்திரம் கழுவும் லிக்விட் வரை மனிதன் கண்டுபிடித்த எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

சங்க காலம் என்று சும்மா சொல்லவில்லை. புறநானூற்றின் 311-ஆம் பாட்டு ஔவையார் பாடியது. ஒரு வீரனின் வெள்ளை உடையைச் சொல்ல வந்தவர், அது களர் நிலத்தில் தோண்டிய கிணற்றருகே புலைத்தி அன்றாடம் துவைத்துத் தந்த உடை என்கிறார். நல்ல தண்ணீர்க் கிணற்றை விட்டுவிட்டுக் களர் நிலத்துக் கிணற்றுக்கு ஏன் போகவேண்டும்? களர் மண்ணில் காரம் இருக்கிறது. சோடியம் கார்பனேட் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதுதான். பயிருக்கு ஆகாத நிலம் துணிக்கு ஆகும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. பாட்டைப் படிக்கிறவர்கள் வீரனைக் கவனிப்பார்கள். எனக்கு அந்தக் கிணற்றின் மேல்தான் கண் போகிறது.

அதே களர் மண்ணின் தொடர்ச்சிதான் பிற்காலத்து உவர்மண்ணும் வெள்ளாவியும். நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வெள்ளாவிப் பானையைப் பார்த்திருப்பீர்கள். இளையவர்கள் அந்தச் சொல்லை சினிமாப் பாட்டில் மட்டும் கேட்டிருப்பீர்கள். உவர்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிவில் அழுக்குத் துணியை முக்கி எடுப்பார்கள். ஈரத்தோடு அதை அடுப்பின் மேல் ஏற்றிய பானையைச் சுற்றியும் மேலேயும் அடுக்குவார்கள். கீழே தீ, பானையில் தண்ணீர். ஆவி மெதுவாக ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஏறும். இரவு முழுக்க வெந்த துணியை விடியற்காலையில் ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து, அலசி, வெயிலில் விரிப்பார்கள்.

இதில் நடப்பது என்ன தெரியுமா? உடம்பில் தேய்த்த எண்ணெயும் வியர்வைப் பிசுக்கும் பழசாகும்போது அவற்றில் கொழுப்பு அமிலம் சேரும். உவர்மண்ணின் காரமும் ஆவியின் சூடும் அந்த அமிலத்தைத் துணியிலேயே சோப்பாக மாற்றிவிடும். அந்த சோப்பு மீதி எண்ணெயையும் இழுத்துக்கொண்டு ஆற்றோடு போய்விடும். கடையில் சோப்பு வாங்காமல், கறையைக் கொண்டே சோப்பு செய்து கறையைப் போக்கும் வித்தை இது. கடன்காரனிடமே பணம் வாங்கிக் கடனை அடைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் வேறு, தண்டனையும் உண்டு.)

பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தக் காரமும் சூடும் ஆகாது. அதற்குத்தான் பூந்திக்கொட்டை. ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கும், நிறத்தைக் கெடுக்காது. தலைக்குச் சீயக்காய் செய்யும் வேலையைப் பட்டுக்குப் பூந்திக்கொட்டை செய்தது. இரண்டிலும் இருப்பது சப்போனின் என்ற ஒரே வகை நுரைப்பொருள்.

ஊரெல்லாம் வெள்ளை வேட்டி. எது யாருடையது என்று எப்படித் தெரியும்? சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் ஒரு குறி போடுவார்கள். நம் செங்கோட்டை ஊர் அல்ல, சேங்கொட்டை, ஒரு மரத்தின் காய். மேலே சுண்ணாம்பு பட்டால் கருத்துப்போகும், பிறகு எந்த வெள்ளாவிக்கும் அசையாது. எல்லாக் கறையையும் எடுக்கத் தெரிந்தவர்கள், எடுக்க முடியாத கறை எது என்பதையும் தெரிந்துவைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு குறி. புள்ளி, கோடு, பெருக்கல் அடையாளம் என்று எழுத்தே இல்லாத பேரேடு அது.

இனி, நாம் பேசத் தயங்கும் பக்கத்துக்கு வருகிறேன்.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் நாம் திருநெல்வேலி மாவட்டம். 1932 டிசம்பர் 24-ஆம் தேதி 'இந்து' நாளிதழ் அந்தத் திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. அம்பேத்கரும் அதைத் தன் எழுத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார். புதிரை வண்ணார் என்ற மக்களைப் பார்த்தாலே தீட்டு என்று கருதப்பட்டதால் அவர்கள் பகலில் வெளியே வரமுடியாது, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மற்றவர்களின் துணிகளை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வெளுத்தார்கள், பேட்டிக்காக அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரச்செய்யவே பெரும்பாடு பட வேண்டியிருந்தது என்பது அந்தச் செய்தியின் சாரம். பிரசவத் துணி, சாவு வீட்டுத் துணி, தூரத் துணி எல்லாம் அவர்கள் கையில்தான் போகும். அந்தக் கறைகளைப் போக்கியவர்களின் முகத்தை ஊர் பார்க்க மறுத்தது. கூலி என்று பெரும்பாலும் கிடைத்தது வீட்டுவாசலில் போட்ட சோறும் அறுவடையில் கொஞ்சம் நெல்லும். தமிழ்நாடு அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது 2009-ல். 1932-க்கும் 2009-க்கும் நடுவே எத்தனை ஆண்டு என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

வண்ணார் சமூகம் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்களின் கதையில் நம் ஊருக்கென்றே ஒரு விசித்திரம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது, தென்காசி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நடுவே எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. ஆனால் பட்டியலில் பழைய எல்லை அழியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் வண்ணார் பட்டியல் சாதியினர். தென்காசியில் அதே தொழில் செய்யும் அதே மக்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுக்காரர்கள் வேறு வேறு சான்றிதழ் வைத்திருப்பார்கள்.

வங்கி மேசையில் இது வெறும் தகவலாக நிற்காது. 1980-களில் ஐ.ஆர்.டி.பி. கடன் என்று ஒன்று இருந்தது. கிராமத்து ஏழைகளுக்கு மாடு, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டியும் தள்ளுவண்டியும் வாங்க மானியத்தோடு கடன். பட்டியல் சாதியினருக்கு மானியம் 50 சதவீதம். மற்ற கைத்தொழிலாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒரே விலை, ஒரே கரிப்பெட்டி. பழைய சமஸ்தான எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பாதி, இந்தப் பக்கம் இருப்பவருக்கு மூன்றில் ஒன்று. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எதிரே நிற்பவர் 'ஏன் சார்?' என்று கேட்டால், 1956-ஐப் பற்றி எப்படிச் சொல்வது? தமிழ்நாடு முழுவதும் ஒரே பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று அவர்கள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

இப்போது சோப்பு. 1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கின. அதன்பின் சோப்பு மெல்லக் கடைத்தெருக்களுக்கு வந்தது. 1914-ல் சென்னை மாகாண அரசே கோழிக்கோட்டில் ஒரு சோப்பு நிலையம் தொடங்கியது. அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. இதற்கு மூல காரணம் மீன்வளத் துறையின் பிரடெரிக் நிக்கல்சன். மீன் எண்ணெயை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தவர் சோப்பில் போய் நின்றார். மீன் எண்ணெயில் செய்த சோப்பால் துவைத்த சட்டையை யார் போட்டார்களோ, நான் கேட்கவில்லை. 1917-ல் டாடா ஆயில் மில்ஸ் தொடங்கியது. எர்ணாகுளத்தில் அவர்கள் ஆலை இருந்த இடத்துக்கே டாடாபுரம் என்று பெயர். தேங்காயெண்ணெய்தான் அங்கே மூலப்பொருள். அவர்களுடைய 501 பார் சோப்பை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மளிகைக்கடையில் நீளமான பாராக வாங்கி, நூலால் துண்டு துண்டாக அறுத்து வைப்பார்கள் வீட்டில்.

எண்ணெயிலிருந்து செய்த சோப்பு எண்ணெயைப் போக்குவது பலருக்கு வேடிக்கையாக இருக்கும். வெள்ளாவிக்காரர்களுக்கு அது புதிதல்ல. அவர்கள் துணியின் மேல் செய்ததை ஆலை கொப்பரையில் செய்தது, அவ்வளவுதான். காரம்கூட அதேதான். 1791-ல் லெப்லாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு சோடா ஆலைச் சரக்கானது. மளிகைக் கடையில் கிடைக்கும் வாஷிங் சோடா, உவர்மண்ணிலிருந்து மண்ணைக் கழித்தால் மிஞ்சுவது.

வெள்ளாவியை ஒழித்தது சோப்பு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பார் சோப்பும் வெள்ளாவியும் பல காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வெள்ளாவியை ஒழித்தது டெரிலின் சட்டை. நூல் துணி கொதிக்கும் ஆவியைத் தாங்கும், பாலியஸ்டர் தாங்காது. சுருங்கிக் கோணிக்கொள்ளும். அதோடு பாலியஸ்டருக்கு எண்ணெய் என்றால் உயிர். பருத்தி தண்ணீரை விரும்பும், பாலியஸ்டர் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி என்று எல்லோரும் டெரிகாட்டனுக்கு மாறியபோது ஆற்றங்கரைப் பானைக்குத் துணி குறைந்தது. 1959-ல் சர்ஃப் வந்தது. 1969-ல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் நிர்மா தொடங்கினார், விலை பாதிக்கும் கீழே இறங்கியது. டிடர்ஜென்ட் தூளுக்கு இன்னொரு வசதி, அது உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும். போர் தண்ணீரில் பார் சோப்பு போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டும், பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் வினை. அருவித் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் மென்மையானவை, அங்கே சோப்பு ஒன்றே போதும். ஊர் ஆற்றைவிட்டு போருக்கு வந்ததும் தூள் தேவைப்பட்டது.

அந்த ஆற்றுக்கே வருவோம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால், அதைப் போக்கச் சீயக்காயோ சோப்போ வேண்டும். ஷாம்பூ பாக்கெட் வந்தபின் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. எல்லாம் சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, வழியெல்லாம் குடிதண்ணீராகவும் ஆகிறது. பாறையும் வழுக்கும். 2014-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பயன்படுத்தத் தடை விதித்தது. தடை நல்லது என்பதே என் கருத்து. ஆனால் அதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய் தேய்ப்பது நிற்கவில்லை, போக்கும் இடம்தான் மாறியது. அருவியில் போகவேண்டியது இப்போது துண்டில் ஏறி நம் வீட்டு வாஷிங் மெஷினுக்கு வருகிறது. ஆகவே விருந்தாளிகளிடம் நாசூக்காகச் சொல்லுங்கள்: எண்ணெய்த் துண்டு தனியாக இருக்கட்டும், பழைய நூல் துண்டாக இருக்கட்டும், குழந்தைகளின் துணியோடு சேரவேண்டாம்.

இனி, வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில்.

கறை புதிதாக இருந்தால் தண்ணீர் தொடவேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டுக் கடலை மாவையோ முகப் பவுடரையோ தாராளமாகத் தூவி அரைமணி நேரம் விடுங்கள். மாவு எண்ணெயைக் குடிக்கும். உதறிவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடை இரண்டு சொட்டு கறையின் மேலேயே விட்டு, விரலால் மெதுவாகத் தடவிப் பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். அந்த லிக்விட் எண்ணெய்ப் பாத்திரத்துக்கென்றே செய்தது, துணித் தூளைவிட இந்த வேலைக்குப் பொருத்தம்.

சீசன் துண்டு, தலையணை உறை போன்ற வெள்ளை நூல் துணியில் பல நாள் எண்ணெய் ஏறி வாடை வந்துவிட்டால் அதற்கு வெள்ளாவி வழிதான். ஒரு வாளி சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் கரைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். இட்லி மாவுக்குப் போடும் ஆப்ப சோடா வேறு, அதற்கு இவ்வளவு வலு இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டு, கம்பளி, சாயம் போகும் துணி எதையும் இதில் போடக்கூடாது. பட்டுக்குப் பூந்திக்கொட்டை நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது.

பைக் செயின் கிரீஸ் பட்டால்? அது கருத்த, தடித்த பிசுக்கு, சோப்பு உள்ளே போகாது. முதலில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்து இளக வையுங்கள், பிறகு மேலே சொன்ன லிக்விட். ஒர்க்ஷாப்காரர்கள் கை கழுவுவது இப்படித்தான். இது நான் சொன்ன மூன்றாவது வழி, எண்ணெயை எண்ணெயால் கரைப்பது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜோலி என்பவர் டர்பன்டைனில் துணி வெளுத்துத் தொடங்கிய டிரை கிளீனிங்கும், நம் ஊர் லாண்டரிகளில் முன்பு எழுதிப் போட்டிருந்த 'பெட்ரோல் வாஷ்' என்ற பலகையும் இதே குடும்பம்தான். அதற்காக யாரும் வீட்டில் பெட்ரோலைக் கையில் எடுக்காதீர்கள். நம் குளியலறைகளில் ஜன்னல் ஒரு முழம். அதன் ஆவி கீழே தங்கும், கீசர் சுவிட்சின் ஒரு பொறி போதும்.

கடைசியாக ஒன்று. அடுத்த பொதுக்குழுவில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் இஸ்திரி மேசையை எடுத்துவிட்டு இரண்டு ஸ்கூட்டர் நிறுத்த இடம் செய்வது பற்றிப் பேச்சு வரப்போகிறது. என் வாக்கு மேசை அங்கேயே இருக்க. அங்கே நிற்பவரின் அப்பா சிற்றாற்றங்கரையில் வெள்ளாவி வைத்தவர். துணியை முகர்ந்து பார்த்தே நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா, விளக்கெண்ணெயா என்று சொல்லுவாராம். மகனுக்கும் அந்த மூக்கு கொஞ்சம் இருக்கிறது. இரண்டு ஸ்கூட்டரைப் பின்பக்கச் சுவர் ஓரமாக நிறுத்தலாம், நான் அளந்து பார்த்துவிட்டேன். அவருக்கு வெயிலும் சாரலும் படாத வேறு இடம் நம்மிடம் இல்லை.

மேசை இருக்கும்வரை ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறை முழுதாகப் போகாத துணியை இஸ்திரிக்குக் கொடுக்காதீர்கள். கொடுக்கவேண்டி வந்தால் இந்த இடத்தில் கறை இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். பெட்டியின் சூடு பட்டால் கறை நூலிலேயே தங்கிவிடும், பிறகு எதற்கும் போகாது. ஈரமாக இருக்கும்போது கறை போய்விட்டது போலத்தான் தெரியும். வெயிலில் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு கீழே கொண்டுபோங்கள்.